அந்த மானிட்டரில் கோளாறு இல்லை



இது நீளமான பதிவு. மே மாதக் கடைசியில் நம் உறவினர் குழுவில் ஒரு செய்தி சுற்றியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ஒரு கடையின் பெயரைப் போட்டு, "ரிட்டயர்டு வாத்தியார்னு கூடப் பார்க்காம ஓட்டை மானிட்டரைத் தலையில கட்டிட்டான், யாரும் அங்க வாங்காதீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் மேல் உள்ள அன்பில் எழுதியதுதான். ஆனால் அதைப் பதினைந்து இருபது பேர் வேறு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டீர்கள். அந்தக் கடைக்காரப் பையனும் என்னிடம் படித்தவன்தான். அதனால் நடந்தது என்ன என்பதை நீங்கள் எல்லோரும் இருக்கும் இந்த இடத்திலேயே முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் ஏப்ரலில் மறுபடி வேலையில் சேர்ந்தாள். மெடிக்கல் கோடிங், வீட்டிலிருந்தே வேலை. பேத்தி பிறந்து நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு கிடைத்தது. முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். மணிக்கு இத்தனை கோப்பு முடித்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு. லேப்டாப் கம்பெனி கொடுத்தது. அதன் சின்னத் திரையில் நோயாளியின் குறிப்பையும் குறியீட்டுப் பட்டியலையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள முடியாது. எனவே 4,500 ரூபாய்க்கு ஒரு பழைய 22 அங்குல மானிட்டர் வாங்கினோம்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. கத்திரி வெயில் தொடங்கியதும் வந்தது வினை. வேலைக்கு நடுவில் திரை சட்டென்று கருத்துப் போகும். "நோ சிக்னல்" என்று ஒரு பெட்டி மிதக்கும். இரண்டு மூன்று நொடியில் படம் திரும்பிவிடும். ஆனால் திறந்து வைத்த சன்னல்களெல்லாம் இடம் மாறி லேப்டாப் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அவற்றை எடுத்து அடுக்குவதற்குள் இரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு இப்படிப் பதினைந்து முறை. மே இரண்டாம் வாரக் கணக்கில் அவளுடைய எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை போனில், "மாமா, அந்தப் பையன் ஏமாத்திட்டான். திருப்பிக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்றார். கடைக்காரப் பையன் மூன்று முறை தன் வண்டியில் வந்தான். முதல் முறை கேபிள் மாற்றினான். இரண்டாம் முறை மானிட்டரையே எடுத்துப் போய் இரண்டு நாள் கடையில் ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு முறைகூட அணையவில்லை என்றான். மூன்றாம் முறை வேறு மானிட்டர் கொண்டுவந்து வைத்தான். அதுவும் அணைந்தது. "சார், காசைத் திருப்பிக் கொடுத்துடறேன், என் பேரு கெட்டுடக் கூடாது" என்றான். வேண்டாம், கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மானிட்டரும் ஒரே மாதிரி அணைகின்றன என்றால் கோளாறு மானிட்டரில் இருக்க வாய்ப்பு குறைவு. இதை அவனும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விற்றவன் வாயிலிருந்து வந்தால் சாக்கு போல இருக்கும் என்று நினைத்திருப்பான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஆய்வகப் பதிவேடு இல்லாமல் எனக்குக் கை ஓடாது. தேதி, மணி, ஏ.சி. ஓடுகிறதா, மின்சாரம் எப்படி, அந்த நேரத்தில் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கட்டம் போட்டு அவளிடமே கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

அதோடு வழக்கமான சோதனைகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. பவர் கேபிளை மாற்றினோம். லேப்டாப்பில் ஆற்றல் சேமிப்பை நிறுத்தினோம். திரையின் புதுப்பிப்பு வேகத்தை 75இலிருந்து 60க்குக் குறைத்தோம். மானிட்டரின் இன்னொரு துளையில் சொருகினோம். செட்-டாப் பாக்ஸை மானிட்டரில் இணைத்துக் கூடத்தில் வைத்தோம். என் மனைவி மாலை முழுக்க சீரியல் பார்த்தார், ஒரு முறையும் போகவில்லை. அதை மறுபடி மகளின் அறைக்குக் கொண்டுபோனால் அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கே இருண்டது.

இங்கே, "நோ சிக்னல்" என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய டி.வி. நினைவிருக்கிறதா? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. பிறகு நம் ஊர்க் கூரைகளிலும் ஆண்டெனா முளைத்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் நம் வீட்டுத் திரையில் கோடு கோடாக ஓடும். ஆனாலும் படம் தெரியும். அடிபட்டால் அடிபட்ட அளவுக்கு மட்டும் காயம். இப்போதைய எச்.டி.எம்.ஐ. அப்படி இல்லை. 1920க்கு 1080 என்றால் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம். வண்ணங்களைக் கொண்டுபோகும் மூன்று இணைக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 148.5 கோடி துணுக்குகள் ஓடுகின்றன. ஒரு துணுக்குக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ நொடிகூட இல்லை.

அந்தச் சொருகியில் மொத்தம் 19 பின்கள். அதில் 19ஆவது பின்னுக்குப் படம் கொண்டுபோகும் வேலை இல்லை. மானிட்டர் "உள்ளேன் ஐயா" என்று கையைத் தூக்கியபடியே இருப்பதுதான் அதன் வேலை. கை ஒரு கணம் இறங்கினதாகத் தோன்றினாலும் லேப்டாப் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிடும். கை மறுபடி ஏறினதும், நீ யார், எந்த அளவு, என்ன வேகம் என்று முதலிலிருந்து விசாரிக்கும். மானிட்டர் 128 பைட்டோ அதற்கு மேலோ உள்ள ஒரு சின்ன அறிமுகக் குறிப்பை அனுப்பும். அதன் பிறகுதான் படம். அந்த இரண்டு மூன்று நொடி இதற்குத்தான் போகிறது. பின் 19 சரியாக இருந்தாலும், ஓடும் துணுக்குகளின் தாளம் ஒரு கணம் தப்பினால் மானிட்டர் பிடியை விட்டுவிட்டு மறுபடி தாளம் பிடிக்கத் திணறும். எதுவானாலும் நம் கண்ணுக்கு ஒரே இருட்டு.

ஆக, எங்கிருந்தோ ஒரு சின்ன அடி அந்தக் கேபிளுக்கு விழுகிறது. எங்கிருந்து?

நோட்டைப் புரட்டினால் சில வரிசைகள் தெரிந்தன. பகல் பதினொன்று முதல் நான்கு வரை அதிகம். மாலை ஐந்துக்கு மேல் அநேகமாக இல்லை. கோடை மழை பெய்த இரண்டு நாளும் பூஜ்யம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வெயில் சூட்டில் ஏதோ தளர்கிறது என்றால் ஏ.சி. ஓடும் அறையில் அது பொருந்தவில்லை.

ஜூன் முதல் ஞாயிறு. 2009இல் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், மகளுக்குக் காது குத்து என்று பத்திரிகை வைக்க வந்தாள். அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், கம்பெனியில யாராவது பார்த்தா வீண் பேச்சு" என்றாள். அதனால் பெயர் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு மின்னணு ஆலையில் லைனில் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. பதினெட்டு வயதில் காலை ஐந்து மணிக் கம்பெனி பஸ்ஸுக்கு நெடுஞ்சாலையில் நிற்கத் தொடங்கியவள்.

இந்த வட்டாரம் மாறிய கதை உங்களுக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் ஓட்டத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அந்தக் காலத்திலிருந்துதான் நம் பள்ளியில் படித்த பெண்கள் கூட்டம் கூட்டமாக மின்னணு லைன்களுக்குப் போனார்கள். ஆடுமாடு மேய்த்த வீட்டுப் பிள்ளைகள் அரிசியைவிடச் சின்னதான உதிரிகளைப் பலகையில் பொருத்தினார்கள். என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனிக்குப் போவுது" என்பதோடு ஊர் முடித்துவிடும். உள்ளே என்ன தெரிந்துகொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

காபி குடிக்கும்போது மகள் அறையிலிருந்து "அய்யோ, மறுபடியும்" என்று குரல். ஞாயிறானாலும் பாக்கி வேலை முடித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தாள். சங்கதியைச் சொன்னேன், நோட்டையும் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினாள். கடைசிக் கட்டத்தில் மகள் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பாப்பா கூப்பிட்டாள். தண்ணி எடுக்கப் போனேன். போன் எடுக்க எழுந்தேன். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"சார், அக்கா எழுந்திருக்கும்போதும் உட்காரும்போதும்தானே போவுது? இது ஈ.எஸ்.டி. சார்."

"நிலைமின்னாம்மா?"

"ஆமா சார். அந்தச் சேரு."

மகளை எழுப்பி, நாற்காலியைக் கதவோரம் தள்ளிக்கொண்டுபோனாள். மேசைக்கும் அதற்கும் ஆறடி இருக்கும். கணினியை யாரும் தொடவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. மூன்றாவது முறை அவள் விசுக்கென்று எழுந்ததும் திரை இருண்டது. என் மனைவி, "என்னடி இது, பில்லி சூனியமா?" என்றார்.

இனி கொஞ்சம் வகுப்பு நடத்திக்கொள்கிறேன். நாற்காலியின் துணியும் நாம் உடுத்தியிருக்கும் பாலியெஸ்டரும் உரசிப் பிரியும்போது மின்னூட்டம் பிரிகிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கியது போலத்தான். உட்கார்ந்திருக்கும்வரை இரண்டு மின்னூட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எழுந்ததும் விலகுகின்றன. மின்னூட்டம் மாறாமல் இடைவெளி கூடினால் மின்தேக்குதிறன் குறையும், மின்னழுத்தம் ஏறும். பன்னிரண்டாம் வகுப்பில் இதற்கு நீங்கள் கணக்கே போட்டிருக்கிறீர்கள். இந்தச் சுழல் நாற்காலிகளின் நடுவில் காற்றழுத்த உருளை ஒன்று இருக்கிறது. ஏற்றி இறக்குவது அதுதான். ஒன்றோடொன்று சரியாகத் தொடாத உலோகப் பாகங்கள், நடுவில் பிளாஸ்டிக்கும் மசகும். ஆள் எழுந்து உருளை நிமிரும்போது அந்தப் பாகங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பொறிகள் தாவுகின்றன. கீழே பிளாஸ்டிக் சக்கரம். மின்னூட்டம் தரைக்கு இறங்க வழி இல்லை.

பொறி என்றால் வானொலி அலை. 1887இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் செய்தது இதுதானே. அறையின் ஒரு பக்கம் பொறி விட்டார், எதிர்ப்பக்கம் தொடர்பே இல்லாத கம்பி வளையத்தில் பொறி எழுந்தது. எங்கள் வீட்டில் ஹெர்ட்ஸின் கருவி நாற்காலி. மேசைக்கடியில் சுருட்டிக் கிடந்த மூன்று மீட்டர் கேபிள்தான் கம்பி வளையம்.

பரணிலிருந்து பழைய ட்ரான்சிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினேன். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, நாற்காலி பக்கத்தில் வைத்தோம். பேத்தியை ஏறி இறங்கச் சொன்னோம். அவள் குதிக்கக் குதிக்க "டப்... டப்" என்று சத்தம். அரை மணி நேரம் அவளை நிறுத்த முடியவில்லை. இந்தச் சோதனையை ஆசிரியராக இருப்பவர்கள் வகுப்பில் செய்து பாருங்கள், செலவே இல்லை.

ஏன் பகலில் மட்டும், ஏன் மழை நாளில் இல்லை? இதற்கு நம் ஊர்க் காற்றே பதில். மே, ஜூனில் மேல்காற்று. உள்நாட்டிலிருந்து வரும் உலர்ந்த காற்று, உதடு வெடிக்கும். அதில் ஏ.சி. வேறு ஈரத்தை உறிஞ்சுகிறது. சாயங்காலம் கடற்காற்று செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி நம் பக்கம் வந்ததும் பொருள்களின் மேல் மெல்லிய ஈரப் படலம் படிகிறது, மின்னூட்டம் தங்குவதில்லை. உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: கண்ணாடித் தண்டைப் பட்டில் தேய்க்கும் பரிசோதனையை ஜூனில் பள்ளி திறந்த கையோடு முடித்துவிடுவேன். பட்டுக்கு நமக்கு என்ன பஞ்சம், காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கழிவுத் துண்டுகளைப் பை நிறையக் கொண்டுவருவான். நவம்பரில் அதே தண்டை எவ்வளவு தேய்த்தாலும் தங்க இலை அசையாது.

அந்தப் பெண் சொன்ன ஆலை விவரங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. உள்ளே நுழையும்போது மணிக்கட்டில் பட்டை, குதிகாலில் பட்டை. ஒரு கருவியில் விரல் வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். சட்டையில் கரி இழை ஓடும். மேசை விரிப்பிலிருந்து தரைக்குக் கம்பி. நாற்காலிகூடத் தனி ரகம், சக்கரமே மின்சாரம் கடத்தும். சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி. மணிக்கட்டுப் பட்டைக்குள் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கிறது, எங்கேயாவது தவறி மின்சாரத்தைத் தொட்டாலும் ஆளைக் கொல்லக் கூடாது என்று. "நமக்கு விரல்ல சுருக்குன்னு தெரியணும்னாலே மூவாயிரம் வோல்ட் ஆகணும் சார். சில சில்லு நூறு வோல்ட்டுக்குள்ளயே செத்துரும். நமக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

சேர்ந்த புதிதில் பட்டை போட மறந்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, "போடுன்னா போடு" அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் பயிற்சியாளர் விளக்கியபோது, "நம்ம சார் சீப்பு வெச்சுக் காட்டினாரேன்னு தோணுச்சு" என்று சொன்னாள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதை அவள் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதற்கு: கணினித் திரைகளை இணைக்கும் சில்லுகள் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் என்ற நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே, காற்றழுத்த நாற்காலியில் உட்கார்வதும் எழுவதும் மின்காந்த இடையூறை உண்டாக்கித் திரையை இருளச் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. மகள் தேடிக் காட்டினாள்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தோம். சுழல் நாற்காலியில் இருபது முறை எழுந்ததில் ஏழு முறை திரை போனது. அதே மேசை, அதே கேபிள், என் பழைய தேக்கு நாற்காலியில் இருபது முறை; ஒன்றுகூட இல்லை. சுழல் நாற்காலியின் கீழ் ஈரத் துணி விரித்துப் பார்த்தபோது ஒரே ஒரு முறை.

செய்த மாற்றங்கள் சின்னவை. கடைக்காரப் பையன் ஒரு மீட்டர் நீளத்தில், நல்ல கவசப் பின்னல் உள்ள கேபிள் கொண்டுவந்தான்; முனையில் உருண்டையாக ஃபெரைட் இருக்குமே, அந்த வகை. அதைச் சுருட்டாமல் சுவரோரமாக நாற்காலிக்கு எட்டக் கொண்டுபோனோம். மகள் வேலை நேரத்தில் பருத்தி உடுத்துகிறாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும் பார்க்கச் சொன்னேன். கொல்லைப்புறத்துக் குழி வறண்டு கிடந்தது. கரியும் உப்பும் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம். இது நாற்காலிக் கோளாறுக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது ஓட்டை சுவரில் இருக்கிறது என்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

நாற்காலியைப் பற்றி ஒன்று. அது என் பணி ஓய்வு விழாவில் நீங்கள் எல்லோரும் பணம் போட்டு வாங்கித் தந்த அதே நாற்காலிதான். யாரும் மனம் வருந்தாதீர்கள். நாற்காலி நல்ல நாற்காலி, முதுகுக்கு அவ்வளவு இதம். இப்போது திண்ணையில் இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் காலையில் பேப்பர் படிக்கிறேன்.

ஜூன் பாதியிலிருந்து இன்றுவரை பதிவேட்டில் மூன்று வரிதான். இரண்டு மின்தடை. ஒன்று பேத்தி கேபிளைப் பிடித்து இழுத்தது. மகளின் எண்ணிக்கை ஜூலையில் மேலே வந்துவிட்டது.

கடைக்காரப் பையனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "சார், அந்தக் குரூப்ல ஒரு வார்த்தை எழுதிடுங்க, மே மாசத்துல இருந்து உங்க பக்கத்து ஆளுங்க யாரும் வரல" என்றான். புதுக் கேபிளுக்குக் காசு வாங்கவில்லை. கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன். பழைய செய்தியைப் பகிர்ந்தவர்கள் இந்தப் பதிவையும் அதே குழுக்களில் பகிருங்கள். நீளமாக இருக்கிறது என்றால் தலைப்பை மட்டுமாவது போடுங்கள். கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். ஞாயிறு மதியத்துக்கு மேல் மூடியிருக்கும்.